கடல் பக்கக் குசினி

என் தொழில் என்னவென்று கேட்கிறவர்களுக்கு ஒரே வசனத்தில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. ஒரு கட்டடத்தில் நல்ல தண்ணீர்க் குழாய், கழிவு இறங்கும் குழாய், கரண்ட் வயர், ஏசியின் காற்றுப் பாதை எல்லாமே கூரைத் தட்டுக்கு மேலே இருக்கும் அதே ஒரு முழ இடத்துக்குள்தான் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பொறியியலாளர் வரைந்து தருவார். தன்னுடையதைத் தவிர அந்தக் கட்டடத்தில் வேறொன்றும் இல்லை என்ற நினைப்போடுதான் வரைவார்கள். அந்தப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எது எதோடு முட்டுகிறது, யார் மேலே போவது, யார் கீழே போவது, யார் விலகி நிற்பது என்று பேசித் தீர்ப்பது என் வேலை. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தன் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்றார். முடியாது என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

எங்கள் அலுவலகம் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு தொடர்மாடியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை அங்கே மேசையைச் சுற்றி உட்காருவோம். ஏசி பார்ப்பவர் கிராண்ட்பாஸ்காரர். அவருக்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் போதாது. கரண்ட் பார்ப்பவர் தெஹிவளையிலிருந்து ரயிலில் வரும் சிங்களப் பெண். தமிழ் நன்றாக விளங்கும், நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்கு மாறிவிடுவார், நானும் சளைக்காமல் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுப்பேன். தண்ணீரும் கழிவும் பார்ப்பவர் பாமன்கடைக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை. வயர் வளையும், காற்றுப் பாதை சுற்றிப்போகும், நல்ல தண்ணீர் மோட்டரின் தயவில் மேலே ஏறும். கழிவுத் தண்ணீர் சரிவில்தான் இறங்கும், யாருக்காகவும் ஏறாது. ஆகவே எந்தக் கட்டடத்திலும் முதலில் வழிவிடப்படுவது அதற்குத்தான். மற்ற இருவரும் அடிபட, இவர் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டு இருப்பார்.

வருடக்கணக்காக இந்த மூவரோடும் நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர், மேலே என்ன குடும்பத் தகராறா என்று ஒருநாள் விசாரித்திருக்கிறார். ஆனால் அந்த மூவரையும் நினைத்தால் இப்போது எனக்கு முதலில் வருவது நன்றிதான். அதற்குக் காரணம் கொட்டாஞ்சேனையில் நாங்கள் செய்த ஒரு சிறிய ஐந்துமாடிக் கட்டடமும், அதில் ஒரு குசினி யன்னலும்.

அதற்கு முன்னால் எங்கள் பேச்சுவழக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் யாரும் வடக்கு, தெற்கு என்று கதைப்பதில்லை. காலி வீதி நேராக ஓடுகிறது, கடல் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் மறுபக்கம். சீ சைட்டா, லேண்ட் சைட்டா என்றுதான் ஆட்டோக்காரரும் கேட்பார், காய்கறிக்காரரும் கேட்பார். எங்கள் மேசையிலும் அதே கதைதான். கடல் பக்கச் சுவர், கடல் பக்கத் தூண், கடல் பக்க மூலை. படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி அழகாக இருக்கும். அது மாநகர சபைக்காக, எங்களுக்கு இல்லை. இந்தப் பகுதியில் நாங்கள் செய்த எல்லாக் கட்டடத்துக்கும் கடல் மேற்கில்தான் இருந்தது, ஒருவருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

கொட்டாஞ்சேனைக் கட்டடம் ஒரு வயதான கத்தோலிக்கத் தம்பதிக்குரியது. கணவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிளார்க்காக முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். வீடு மனைவியின் சீதன வீடு, அதனால் அதை இடிப்பதற்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். பழைய மாடி வீடு ஒழுகத் தொடங்கிவிட்டது. இடித்துக் கட்டி, கீழ்த்தட்டுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் மாடியில் இருவரும் இருப்பதென்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். அன்ரிக்கு, அந்த மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், இரண்டு முழங்காலும் போய்விட்டன. லிப்ட் வைத்தாலும், ஐந்தாம் மாடிக்கு ஏறினால் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு மட்டும்தான் இறங்குவேன் என்று அவரே சொல்லிவிட்டார். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டுக்குள்தான். அதனால் கையெழுத்துப் போடமுன் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். குசினி யன்னலால் கடல் தெரியவேண்டும். பழைய வீட்டின் மேல்மாடிக் குசினியிலும் இரண்டு கூரைகளுக்கு நடுவால் கடல் தெரியுமாம். ஏன் குசினியில் என்று கட்டடக் கலைஞர் கேட்டதற்கு, தேவை இருக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கேட்க இலேசாக இருக்கிறது. எங்கள் தொழிலில் குசினிக்கு யாரும் கடலைக் கொடுப்பதில்லை. கடலை மண்டபத்துக்கும் பெரிய படுக்கை அறைக்கும் கொடுப்போம். குசினியைக் கட்டடத்தின் முதுகுப் பக்கம் தள்ளுவோம், ஏனென்றால் குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் ஒடுக்கமான கூண்டு, நாங்கள் டக்ட் என்போம், அது அங்கேதான் இருக்கும். ஏசியின் வெளிப்பெட்டிகளும் அங்கே. அதைப் பார்த்துக்கொண்டுதான் இந்த ஊரில் பெண்கள் சமைக்கிறார்கள். ஆகவே இந்த நிபந்தனையைக் கேட்டதும் மேசையில் எல்லோரும் முனகினார்கள். நான் அன்ரியின் கட்சி. இரண்டு மாதம் இழுபட்டு, கடல் பக்கச் சுவரில், அதாவது மேற்கில், குசினிகளையும், வடக்குச் சுவரில் டக்ட்டையும் ஏசிப் பெட்டிகளையும் வைத்து முடித்தோம். கணினியில் எங்கள் படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது முட்டுகிற இடமெல்லாம் சிவப்பாகக் காட்டும். அந்தக் கட்டடத்தில் ஒரு சிவப்பும் இல்லாமல் போனபோது ஏசிக்காரர் எல்லோருக்கும் மாலு பாண் வாங்கிக்கொண்டு வந்தார்.

கீழ்த்தட்டுத் தூண்கள் எழும்பி, முதலாம் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை கொங்கிரீட். அந்தக் கிழமைதான் குசினியில் எத்தனை ப்ளக் வேண்டும் என்று கேட்டுவர, அன்ரி தற்காலிகமாக இருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். அதுவும் கொட்டாஞ்சேனைதான், கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கோயில் எங்கே வருகிறது என்று கேட்டார். படத்தில் கோயில் இல்லை. மேசையில் ஓரிடத்தைக் காட்டினேன். கண்ணாடிக் கூட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அது கோயில். உப்புச் சிமிழ் சந்தி. படத்தைக் கொஞ்சம் திருப்பி, தான் இருக்கப்போகிற குசினிக்குள் விரலை வைத்து, யன்னலுக்கு நேரே அந்த விரலை மேசை விளிம்புவரை கொண்டுபோனார்.

"பிள்ளை, இது ஹாபர். நான் கேட்டது கடல்."

எனக்குப் புரியவில்லை. துறைமுகத்திலும் இருப்பது கடல் தண்ணீர்தானே என்றேன். உள்ளே பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த கணவரைத் தாடையால் காட்டினார்.

"இவர் முப்பது வருஷம் ஹாபருக்குப் போனவர். ஒருநாளாவது நான் இவர் கடலுக்குப் போறார் எண்டு சொல்லியிருப்பனா? ஹாபரில நிக்கிறது கிரேன். எனக்கு வெளியில நிக்கிற கப்பல் தெரியவேணும்."

வெளியில் நிற்கிற கப்பல்கள், உள்ளே வர முறைக்காகக் காத்திருப்பவை, முகத்துவாரத்துக்கு அப்பால் நிற்கும். அன்ரியின் விரல் வடக்கே போனது. படத்தில் அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எனக்குப் பார்க்கத் தேவையில்லை. டக்ட். ஏசிப் பெட்டிகள். வயர்கள் ஏறும் அலுமாரி. அந்தச் சுவரில் ஒரு சாண் வெளிச்சம் வராதபடி நாங்களே அடைத்து வைத்திருந்தோம். அன்ரி சொன்னதும் கடல் பக்கம். நாங்கள் கேட்டதும் கடல் பக்கம். இரண்டு மாதம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அன்ரி சத்தம் போடவில்லை. இனி மாற்ற ஏலாதென்றால் பரவாயில்லை, பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம், வீண் பிரச்சினை என்றார். சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கூட்டையும் உப்புச் சிமிழையும் பழைய இடத்தில் எடுத்து வைத்தார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

அலுவலகத்துக்கு வந்து மூவரையும் கூப்பிட்டேன். டக்ட்டுக்கான ஓட்டை முதலாம் தளம் தொடங்கி ஐந்தாம் தளம்வரை ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். சனிக்கிழமை கொங்கிரீட் விழுந்தால் அதற்குப் பிறகு அந்த அம்மா உயிரோடு இருக்கும்வரை கிரேனைப் பார்த்துக்கொண்டுதான் வெங்காயம் வெட்டவேண்டும். மாற்றுவதென்றால் எல்லோருடைய படமும் முதலிலிருந்து. முடிந்த வேலையை அவிழ்க்கச் சொல்லி யாரிடமும் கேட்பது எவ்வளவு கசப்பென்று எனக்குத் தெரியும். நானே யாராவது கேட்டால் கடித்துக் குதறிவிடுவேன். ஆகவே சண்டைக்கு ஆயத்தமாகவே உட்கார்ந்தேன். கண்ணாடிக் கூட்டின் கதையை மட்டும் நடந்தபடி சொன்னேன்.

முதலில் சிரித்தது கரண்ட்காரி. தெஹிவளையிலும் நாங்கள் இப்படித்தானே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு, வயர் அலுமாரியைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோகலாம், அதைத்தானே நான் முதல்நாளே கேட்டேன், நீங்கள்தானே விடவில்லை என்று என்னைப் பார்த்தார். உண்மைதான், நான்தான் விடவில்லை. இப்போது கும்பிட்டு விட்டுக்கொடுத்தேன்.

ஏசிக்காரர் படத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "பெட்டி எல்லாத்தையும் மொட்டை மாடிக்கு ஏத்துறேன் அக்கா. ஆனா இனி நடைபாதைக் கூரைல எனக்கு ஒரு இஞ்சும் குறைக்க ஏலாது."

அரைமணித்தியாலத்துக்குள் அதையும் அவரே குறைத்துக்கொண்டார். நான் கேட்கவும் இல்லை. ஏனென்றால் குசினிகள் வடக்குக்குப் போய் டக்ட் மேற்குக்கு வந்தபோது, ஒவ்வொரு குசினித் தொட்டியின் கழிவுக் குழாயும் வீட்டின் பாதி அகலத்தைக் கடந்து டக்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. போகப் போக அது சரிவில் இறங்கும், இறங்க இறங்க மற்றவர்களின் இடத்தைத் தின்னும். பாமன்கடைக்காரர் பிளேன்டீயை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தமுறை நான்தான் எல்லாருக்கும் கரைச்சல் என்று சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கரண்ட்காரி தன் வயர்த் தட்டை உயர்த்திக்கொண்டார், ஏசிக்காரர் தன் காற்றுப் பாதையைத் தட்டையாக்கிக்கொண்டார். யாரும் யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் அன்று பயந்திருக்கக்கூடும்.

கடைசியில் ஒரு பீம் மறித்தது. கழிவுக் குழாய் அதற்குக் கீழால் போனால் கூரை தலையில் இடிக்கும், மேலால் போகவே முடியாது. நடுவால் துளைத்துக்கொண்டு போகவேண்டும். தூணும் பீமும் கணக்குப் பார்ப்பவர் எங்கள் அலுவலகக்காரர் அல்ல. முடியாது என்பதை மூன்று மொழியிலும் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர். அவருடைய பீமில் ஆணி அடிப்பதற்கே பயப்படுவார்கள். நான் போன் எடுத்தபோது மூவரும் என்னைச் சுற்றி நின்றார்கள். வழமைபோல ஏன் என்று கேட்டார். வழமைபோல விட்டம், சரிவு, தலையுயரம் என்று கதை அளக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. ஐந்தாம் மாடியில் இருக்கப்போகிற அம்மாவுக்கு நடக்க ஏலாது, சமைக்கும்போது கடல் தெரியவேண்டும் என்கிறார், நாங்கள் தவறான பக்கத்தைக் கடல் என்று நினைத்துவிட்டோம் என்று சிங்களத்தில் கடகடவென்று சொல்லிவிட்டேன். பெரியவர், படத்தை அனுப்பு, துளை பீமின் நடுவில் இருக்கவேண்டும், ஓரத்துக்கு வந்தால் அடுத்தமுறை உன் போனை எடுக்கமாட்டேன் என்றார். அடுத்தநாள் காலையில் துளையைச் சுற்றி எங்கெங்கே கூடுதல் கம்பி கட்டவேண்டும் என்று தன் கையாலேயே வரைந்து அனுப்பியிருந்தார். கொங்கிரீட்டை ஒரு கிழமை பிற்போட்டார்கள். பிள்ளைகளிடம் நானே போய்ச் சொன்னேன், முணுமுணுத்தார்கள், விட்டுவிட்டார்கள்.

இதில் எவருக்கும் ஒரு இலாபமும் இல்லை. நால்வரும் முடித்த வேலையை அவிழ்த்து மறுபடி செய்தார்கள், ஒரு யன்னலுக்காக. அந்த அம்மாவை அவர்கள் கண்டதுகூட இல்லை. நான் கோபக்காரி, நன்றியை முகத்துக்கு நேரே சொல்ல வராது. சொல்லவேண்டிய நேரத்தில் பீமின் இலக்கம் பிழையாக இருக்கிறதென்று ஏசிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இங்கே எழுதுகிறேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களில் அந்த மேசைக்காரரும் உண்டு.

வீடு குடிபுகுந்து சில மாதம் கழித்து, அன்ரி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். லிப்ட்டால் இறங்கி உள்ளே போனவுடன் நான் செய்த முதல் வேலை குசினிக்குப் போனதுதான். யன்னல் அகலமாக இருந்தது. கீழே தகரக் கூரைகள், ஒரு தென்னை, முகத்துவாரம், அப்பால் கடல். வெளியில் கப்பல்கள் நின்றன. மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கணவர் பத்திரிகையோடு இருந்தார்.

கை கழுவப் போனபோதுதான் அது எனக்கு உறைத்தது. மேற்குப் பக்கம் முழுவதும் டக்ட்டும் குளியலறையும். கண்ணாடிச் சட்டம் போட்ட சின்னத் திறப்பால் எட்டிப் பார்த்தால் ஒரு கிரேனின் தலை மட்டும் தெரிகிறது. முப்பது வருடம் துறைமுகத்தில் இருந்த மனிதருக்கு அந்தத் துறைமுகத்தை நாங்கள் அடைத்துவிட்டோம். எல்லோரும் அன்ரியின் பக்கமே பார்த்தோம், அவரை ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்து, அங்கிள், உங்களுக்கு ஹாபர் தெரியாமல் பண்ணிவிட்டோமே என்றேன்.

அவர் பத்திரிகையை மடித்தார். அதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போச்சு, போதும் என்றார். பிறகு குரலைத் தணித்தார். அன்ரி அடுப்பருகே முதுகைக் காட்டி நின்றார்.

"நான் எப்ப வேலையால வந்தாலும் சோறு சூடாத்தான் இருக்கும். ஆறு மணிக்கு வந்தாலும் சூடு, ஒன்பதுக்கு வந்தாலும் சூடு. எப்பிடியெண்டு நான் ஒருநாளும் கேக்கேல்ல. இந்தக் குசினியில வந்து இருந்த பிறகுதான் கண்டன். வெளியில நிண்ட கப்பல் உள்ளுக்குப் போனா, இவ அரிசியைப் பிந்திப் போடுறா."

கப்பல் உள்ளே போனால் சரக்கு இறங்கும், சரக்கு இறங்கினால் கிளார்க் பிந்துவார். அவருக்கே முன்கூட்டித் தெரியாத நாட்களிலும் பழைய வீட்டுக் குசினி யன்னலுக்குத் தெரிந்திருக்கிறது.

"இப்ப நான் பக்கத்திலதான் இருக்கிறன்," என்றார். "இப்பவும் பிந்தித்தான் போடுறா."

பழக்கம், வேற என்ன என்று அன்ரி திரும்பாமலே சொன்னார்.

யன்னலைப் பார்த்தேன். நான் வரும்போது முன்னால் நின்ற ஒரு கப்பல் இப்போது அங்கே இல்லை. அரிசி இன்னும் சுளகில்தான் இருந்தது. எனக்கு நல்ல பசி. அன்றைக்கு நாங்கள் பிந்தித்தான் சாப்பிட்டோம், சோறு சூடாக இருந்தது.